தொட்டியில் புளித்த நெல்லும் சொல்லப்படாத செய்தியும்

வாசகியின் கடிதம்:

“மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அப்பா தொடங்கிய அரிசி ஆலையை, அவர் பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்த பின் 2 வருடங்களாக நானே நடத்தி வருகிறேன். எனக்கு வயது 34. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்தவள். நிரந்தரமாக 9 பேரும், அறுவடைக் காலங்களில் நாட்கூலிக்கு 14 பேரும் வேலை செய்கிறார்கள். அதிகாலை 5 மணிக்கு ஆலைக்குப் போனால் இரவு 9 மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். இந்தச் சிறுபோக அறுவடையின்போது கடன் அலுவலாகச் சில நாட்கள் மட்டக்களப்பு நகருக்கு அலைய வேண்டியிருந்தது. அந்த நாட்களில் நெல் அவிக்கும் பொயிலர் பழுதாகி, ஊறப்போட்ட நெல் 4 நாட்கள் தொட்டியிலேயே கிடந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. அந்த அரிசியை மணம் அடிக்கிறது என்று கல்முனை வியாபாரி லொறியோடு திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் மேற்பார்வையாளர் அப்பாவுடன் 22 வருடங்கள் இருந்தவர். எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடுமையாகப் பேசிவிட்டேன். ‘அப்பா நின்ற காலத்தில் இப்படி நடந்ததில்லை’ என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் இருவர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். போதாததற்கு, என் தாய்மாமா தனக்குத் தெரிந்தவர்களின் ஈரநெல்லை என்னிடம் கேட்காமலே வாங்கி இறக்குகிறார். எனக்குத் தலைமை தாங்கும் குணமே இல்லையா? படித்த முகாமைத்துவம் ஏன் கைகொடுக்கவில்லை?”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது உங்கள் குணத்தைப் பற்றி. என் கண் நின்ற இடம் வேறு. பொயிலர் பழுதானதையும் நெல் தொட்டியில் கிடந்ததையும் எழுதிய பின், ‘எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை’ என்று ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டீர்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள சிறிய, நடுத்தர நிறுவனங்களின் கணக்குகளையும் நிர்வாகத்தையும் 20 வருடங்களுக்கு மேலாகப் பார்த்து வருபவன் நான். ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்ததும், ஒரு கெட்ட செய்தி அதை முதலில் அறிந்தவரிடமிருந்து முடிவெடுக்க வேண்டியவரிடம் போய்ச் சேர இங்கே எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைத்தான் முதலில் தேடுவேன். உங்கள் ஆலையில் அதற்கு 4 நாட்களுக்கு மேல் எடுத்திருக்கிறது. இறுதியில் அதை உங்களுக்குச் சொன்னவரும் கல்முனையில் இருக்கும் ஒரு வியாபாரி.

ஊறப்போட்ட நெல் யாருக்காகவும் காத்திருக்காது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உரிய நேரத்தில் அவியலுக்கு எடுக்காமலும் தண்ணீரை மாற்றாமலும் விட்ட நெல் நொதித்துவிடும். அந்தப் புளித்த மணம், அவித்துக் காயவைத்துக் குற்றிய பின்னும் அரிசியை விட்டுப் போவதில்லை. இது உங்கள் முற்றத்தைக் கூட்டுபவருக்கும் தெரிந்த விடயம். முதல் நாள் மாலையே உங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால், தண்ணீரை மாற்றச் சொல்லியிருக்கலாம். பக்கத்து ஆலைக்காரரிடம் அவித்துத் தரும்படி கேட்டிருக்கலாம். வியாபாரியிடம் தவணை கேட்டிருக்கலாம். நான்காம் நாள் இவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. நெல்லைப் பற்றிய அறிவு ஆலைக்குள்ளும், அதைக் காப்பாற்றும் அதிகாரம் வங்கியின் வரிசையிலும் நின்றன.

அவர்கள் ஏன் சொல்லவில்லை என்பதை நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். தொழிலின் தொடக்கத்தில் நான் ஒரு நிறுவனத்தின் களஞ்சியக் கணக்கைச் சரிபார்க்கப் போயிருந்தேன். இருப்புக் குறைந்துகொண்டு போவதை அங்கிருந்த எழுதுவினைஞர் 7 மாதங்களாக அறிந்திருந்தார். கேட்டபோது, முன்பு ஒருமுறை ஒரு சிறு பிழையைத் தானாகவே சென்று சொன்னதாகவும், முகாமையாளர் அந்தப் பிழையை விட்டுவிட்டு அவரையே எல்லோர் முன்னிலையிலும் விசாரித்ததாகவும் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தில் அந்த அலுவலகம் முழுவதும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது: கண்டதைச் சொல்பவன் அகப்படுவான், காணாதவன் போல் இருப்பவன் தப்புவான். நானும் அன்று அறிக்கையில் எண்களை மட்டும் எழுதிவிட்டு, அந்த முகாமையாளரின் நடத்தை பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் வந்துவிட்டேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன். குறைந்த இருப்புக்குக் காரணம் அந்த நடத்தையே.

உங்கள் கோபம் நியாயமானது. ஒரு தொட்டி நெல்லின் நட்டம் சிறியதல்ல. ஆனால் நீங்கள் பேசிய சொற்களைக் கேட்டவர்கள் மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் அல்லர். சுற்றி நின்ற மற்ற எல்லோரும் அடுத்த பழுதின்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கேயே தீர்மானித்திருப்பார்கள். விலகிப்போன அந்த இருவரும் அதைச் செயலில் காட்டிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் மௌனத்தில் காட்டக்கூடும் என்பதே என் கவலை.

‘அப்பா நின்ற காலத்தில் இப்படி நடந்ததில்லை’ என்ற சொல் உங்களைப் புண்படுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. அதில் உண்மை இருக்கலாம். அந்தத் தலைமுறையின் ஆலை முதலாளிகள் பலரை நான் அறிவேன். அவர்களுக்குச் செய்தி கொண்டுவர யாரும் தேவைப்படவில்லை. அவர்கள் ஆலையிலேயே உண்டு, ஆலையிலேயே படுத்து, பொயிலரின் சத்தம் மாறினால் உறக்கத்திலிருந்து எழுந்தார்கள். கண்ணும் காதும் மூக்கும் அவர்களே. வங்கிக் கடன், மின்கட்டணம், தூரத்து வியாபாரி, வரிக் கணக்கு என்று இன்று உங்களை ஆலைக்கு வெளியே இழுக்கும் அலுவல்கள் அன்று இத்தனை இல்லை. அப்பாவைப் போலவே நிற்க வேண்டும் என்று நீங்கள் 16 மணித்தியாலம் நிற்கிறீர்கள். நீங்கள் நிற்காத நான்கே நாட்களில் ஆலை ஊமையாகிவிட்டது. ஆகவே 17 ஆம் மணித்தியாலம் இதற்கு மருந்தாகாது.

மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை, உங்கள் பக்கத்தவர்கள் அந்த இடத்தில் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். காற்று எழும்பும் நாட்களில் எத்தனை மோட்டார் சைக்கிள்களை ஏற்றலாம் என்பதைப் பாதையை ஓட்டியவரே தீர்மானித்தார். கரையில் நிறைய வயல் உள்ள எவ்வளவு பெரிய போடியார் நின்றாலும், ‘அடுத்த முறை வாங்க’ என்று பாதைக்காரர் சொன்னால் காத்திருந்தார். தண்ணீரையும் காற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் என்பதால் முடிவும் அவருடையதாக இருந்தது. உங்கள் ஆலையில் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தண்ணீரை மாற்ற அதிகாரம் உண்டா? பொயிலர் நின்றால் உங்களைக் கேட்காமலே மெக்கானிக்கை அழைக்கவும், ஒரு குறித்த தொகை வரை செலவு செய்யவும் மேற்பார்வையாளருக்கு உரிமை உண்டா? இல்லையென்றால், அவர் செய்யக்கூடியதெல்லாம் உங்கள் கோபத்துக்காகக் காத்திருப்பது ஒன்றுதான். அந்தத் தொகையை நீங்களே நிர்ணயித்து எழுத்தில் கொடுங்கள். அவர் அதைப் பயன்படுத்தும் முதல் தடவை உங்களுக்குச் சரியென்று படாவிட்டாலும், கண்டிக்காமல் காரணத்தைக் கேளுங்கள். கொடுத்த அதிகாரத்தை முதல் பிழையிலேயே திரும்பப் பெற்றால், அதைக் கொடுத்ததாகவே யாரும் கொள்ள மாட்டார்கள்.

ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் நெடுங்காலம் உற்பத்தி வரிசைக்கு மேலே ஒரு கயிறு தொங்கியது. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார், குறித்த நேரத்துக்குள் தீர்க்க முடியாவிட்டால் வரிசை நின்றுவிடும். இந்த எண்ணத்தின் வேர் ஒரு தறியில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் மூதாதையான சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறிகளை உருவாக்கினார். அவற்றுள் புகழ்பெற்றது 1924 இல் வந்தது. அறுந்த நூலோடு ஓடும் தறி எவ்வளவு துணியைப் பாழாக்கும் என்பதை ஆரையம்பதியிலோ மருதமுனையிலோ உள்ள எந்த நெசவாளரும் உங்களுக்குச் சொல்வார். அங்கே நான் வியந்து பார்ப்பது கயிற்றை அல்ல. கயிறு ஒரு கடையில் கிடைக்கும். அதை இழுத்தவனிடம் ‘ஏன் நிறுத்தினாய்?’ என்று சீறாமல் ‘என்ன கண்டாய்?’ என்று கேட்கப் பழகிய குழுத் தலைவர் கடையில் கிடைப்பதில்லை. அவரை உருவாக்குவதே தலைமைத்துவம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அது பிறவிக் குணமன்று. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, இல்லை என்று நீங்களே தீர்ப்பெழுத வேண்டியதில்லை என்பதே என் பதில்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், தலைமை தாங்கல், கட்டுப்படுத்தல் என்று நீங்கள் உயர்தர வகுப்பிலிருந்தே படித்திருப்பீர்கள். அவற்றில் பிழை இல்லை. கட்டுப்படுத்தல் என்பது நடந்ததை நியமத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டைத் திருத்துவது. நடந்தது என்ன என்பதே உங்களை வந்தடையாவிட்டால் எதை எதனோடு ஒப்பிடுவீர்கள்? தகவல் தானாக வரும் என்று எடுத்துக்கொண்டுதான் பாடநூல் தொடங்குகிறது. நடைமுறையில் அதை வரவழைப்பதற்கே பாதி உழைப்புப் போய்விடும்.

நீங்கள் படித்தவற்றுள் ஒன்றை மட்டும் மீண்டும் எடுத்துப் பாருங்கள் என்பேன். பிரான்சில் ஒரு சுரங்க நிறுவனத்தை 30 வருடங்கள் அளவில் தலைமை தாங்கி நடத்திய பொறியியலாளர் ஹென்றி ஃபயோல், 1916 இல் வெளியிட்ட 14 கோட்பாடுகளில் கட்டளை ஒருமை என்பதும் ஒன்று. ஓர் ஊழியர் ஒருவரிடமிருந்தே கட்டளை பெற வேண்டும் என்பது அதன் பொருள். உங்கள் ஆலையில் கட்டளை எத்தனை இடங்களிலிருந்து வருகிறது? நீங்கள் ஒருவர். தாய்மாமா மற்றொருவர். நீங்கள் எழுதவில்லை என்றாலும், பழைய வேலையாட்கள் அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வரும்போது படுக்கையருகில் நின்று ஆலைக் கதைகளைச் சொல்லி, அவர் தலையசைப்பதை உத்தரவாக எடுத்துச் செல்வதும் நடக்கிறது என்றே நினைக்கிறேன். மூன்று எசமானர் உள்ள இடத்தில் கெட்ட செய்தியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போவது இயல்பு.

தாய்மாமாவின் சொல் நம் பகுதிக் குடும்பங்களில் எவ்வளவு கனமானது என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். அவரை விலக்கச் சொல்லமாட்டேன். அவருக்கும் விவசாயிகளுக்கும் இடையே உள்ள நம்பிக்கை உங்கள் ஆலையின் சொத்து. அவர் வாங்கும் நெல்லின் விலையைத் தீர்மானிக்கும் வேலையை மட்டும் அவர் கையிலிருந்து எடுத்து, ஈரப்பதன்மானியிடம் கொடுத்துவிடுங்கள். களஞ்சியப்படுத்தத் தகுந்த நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதம். இயந்திரம் வெட்டி நேராக லொறியில் ஏறும் நெல் 20 சதவீதத்துடன் வருவது வழக்கமானதே. அப்படிப்பட்ட 1,000 கிலோவில் உலர்ந்த பொருள் 800 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 930 கிலோ மிஞ்சும். மற்ற 70 கிலோ நீங்கள் நெல் விலைக்கு வாங்கிய தண்ணீர். 18 சதவீதமாக இருந்தால் மிஞ்சுவது 953 கிலோ. நூறிலிருந்து மானி காட்டும் எண்ணைக் கழித்து, 86 ஆல் வகுத்து, வந்த நெல்லின் நிறையால் பெருக்கினால், எந்த ஈரநெல்லுக்கும் காசு கொடுக்க வேண்டிய நிறை வரும். இந்தக் கணக்கைத் தராசுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். காயவைக்கும் கூலியையும் தனியாக எழுதுங்கள்.

இதைக் கட்டுப்பாடு என்று மாமா முதலில் மனம் வருந்தலாம். ஆனால் ஊரில் அவருக்கு இருக்கும் சங்கடத்தையும் எண்ணிப் பாருங்கள். நண்பர் ஈரநெல்லோடு வந்து நிற்கும்போது ‘இல்லை’ என்று சொல்ல அவரால் முடிவதில்லை. ‘மானி காட்டுகிறதுதான் விலை, என் மருமகள் எனக்கும் அப்படித்தான் தருகிறாள்’ என்று சொல்ல ஒரு வழி கிடைத்தால், அவருடைய உறவும் கெடாது, உங்கள் காசும் தண்ணீராகாது. விவசாயிக்கும் இது நீதி. மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கண்மதிப்பில் கழிப்பதைவிட, தன் கண்ணெதிரே மானி காட்டும் எண்ணை அவர் ஏற்றுக்கொள்வார். அந்த மானியைப் போகத்துக்கு ஒருமுறையாவது சரிபார்த்து வைப்பது உங்கள் பொறுப்பு. உங்கள் உறவினரின் நெல்லுக்கு ஒரு தடவை விலக்குக் கொடுத்தாலும் அந்தக் காகிதத்தைக் கழற்றிவிடுவது நல்லது.

அப்பாவிடம் நீங்களே ஒவ்வொரு மாலையும் 15 நிமிடம் ஆலைக் கணக்கைச் சொல்லுங்கள். அவருக்கும் அது மருந்தாக இருக்கும். அவருடைய யோசனை ஆலைக்கு உங்கள் வாய்வழியாக வரட்டும்.

அடுத்ததாக, பெரும்போக அறுவடைக்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியம். நவகிரியோ உன்னிச்சையோ உறுகாமமோ, எந்தக் குளத்தின் கீழும் போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடைபெறுவதை நீங்கள் சிறு வயதிலிருந்தே அறிவீர்கள். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் அதிகாரிகளும், வயல்களின் நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானைமாரும், விவசாயிகளும் ஒரே இடத்தில் இருந்து பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. அங்கே சண்டையும் நடக்கும். ஆனால் அந்தச் சண்டை விதைப்புக்கு முன் நடப்பதால் பயிர் தப்புகிறது. திகதி நிச்சயமானபின் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல ஒருவருக்கும் இடமில்லை. இவ்வளவு நல்ல முகாமைத்துவ மரபு நம் வயல்களில் இருக்கும்போது, அந்த வயல்களின் நெல்லைக் குற்றும் ஆலைகளில் அது இல்லாமற்போனது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விடயம்.

தை பிறந்ததும், மாசி அறுவடை நெருங்குமுன், உங்கள் ஆலையில் அப்படியொரு கூட்டத்தை நடத்துங்கள். நாட்கூலிக்கு வரும் 14 பேரையும் அழையுங்கள். அன்றைய நாட்கூலியை அவர்களுக்குக் கொடுங்கள். எத்தனை மூட்டை அவிக்கப் போகிறோம், பொயிலர் எந்த நாளில் சோதிக்கப்படும், மின்சாரம் போனால் யார் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பவற்றை அங்கே பேசி முடிவெடுங்கள். சென்ற போகத்தில் எது பிழைத்தது என்ற கேள்விக்கு முதலில் நீங்களே பதில் சொல்லுங்கள். ‘4 நாட்கள் நான் போனவள், என் இடத்தில் யார் நிற்பது என்று சொல்லாமல் போய்விட்டேன்’ என்று நீங்கள் தொடங்கினால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அதன்பின் நாள்தோறும் காலையில் தொட்டியருகே நின்றபடி 10 நிமிடம் போதும். நேற்று என்ன பிழைத்தது என்ற கேள்வியை மட்டும் கேளுங்கள். ஒரு வாரம் முழுவதும் ‘ஒன்றுமில்லை’ என்றே பதில் வந்தால் மகிழ வேண்டாம். ஆலை என்றால் பழுது இருக்கும். ஆகவே அவர்கள் இன்னும் உங்களை நம்பவில்லை என்பதைத்தான் அந்தப் பதில் சொல்கிறது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. நிரந்தர ஊழியர், நாட்கூலி ஊழியர் என்று நீங்கள் பிரித்து எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஊழியர் சேமலாப நிதியம் ஒன்பது பேருக்கே செலுத்தப்படுகிறது என்று ஊகிக்கிறேன். 1958 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நாட்கூலி என்பதாலோ தற்காலிகம் என்பதாலோ ஒருவரை அதிலிருந்து விலக்க முடியாது. அவருடைய உழைப்பூதியத்தில் 8 சதவீதத்தை அவரிடமிருந்து கழித்து, அதோடு உங்கள் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்து, அடுத்த மாத இறுதிக்குள் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குரிய 3 சதவீதம் முழுவதும் உங்களுடையது. சட்டத்துக்குப் பயந்து இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. தனக்குச் சேர வேண்டிய காசைப் பற்றி முதலாளி மௌனமாக இருப்பதை அறிந்த ஒரு தொழிலாளி, முதலாளியின் நெல்லைப் பற்றித் தான் மௌனமாக இருப்பதைக் குற்றமாக உணரமாட்டார்.

உங்கள் மேற்பார்வையாளரைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், 5 வருடங்கள் முடித்த மாதச் சம்பள ஊழியர் விலகும்போது, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும் என்று 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 23 பேரோடு அறுவடை நடத்தும் நீங்கள் அந்த எல்லைக்குள் வருகிறீர்கள். அப்பாவுடன் இருந்த 22 வருடங்களுக்கு மட்டுமே அது 11 மாதச் சம்பளம். அவர் விலகி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டியது. உங்கள் ஏட்டில் இதற்கு ஒரு பக்கம் இல்லையென்றால் இன்றே திறந்து, மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இந்த வாரமே, அவருடைய வீட்டுக்குப் போங்கள். ஆலைக்கு அழைக்க வேண்டாம். எல்லோர் முன்னிலையிலும் பேசியது பிழை என்று அவரிடம் சொல்லுங்கள். பேசியது எல்லோர் முன்னிலையில் என்பதால், மறுநாள் ஆலையிலும் அதையே எல்லோர் முன்னிலையில் சொல்லுங்கள். நெல் கெட்டது பொருட்டில்லை என்று சொல்ல வேண்டாம். அது உண்மையல்ல, அவரும் அதை நம்பமாட்டார். பொயிலர் நின்ற அன்று மாலை உங்களுக்குத் தொலைபேசி எடுக்க அவர் நினைத்தாரா, நினைத்தும் எடுக்காமல் விட்டது எதனால் என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். தேநீர் ஆறும்வரை காத்திருங்கள். அவர் சொல்லத் தொடங்கியபின் இடையில் விளக்கம் கொடுக்க வேண்டாம். குறிப்புப் புத்தகத்தையும் அன்று எடுத்துச் செல்ல வேண்டாம்.